மாற்றுத்திறனாளிகளின் வேலையைத் தொழிலாளர் ஆய்வுகள் எப்படி அளக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டும் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அவர்கள் கொண்டுவரும் படிவங்கள் கடைசியில் அட்டவணையாக மாறுவதையும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், மாணவர்கள், செய்தியாளர்கள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தொழிலாளர் ஆய்வு என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லா வீட்டுக்கும் போகும். பெரும்பாலான நாடுகளில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். தொழிலாளர் ஆய்வு, மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் அல்லது சில லட்சம் வீடுகளுக்கு மட்டும் போகும். ஆண்டுக்கு ஒருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை, சில நாடுகளில் மாதாமாதம் என்று நடக்கும். யார் வேலை செய்கிறார்கள், யார் தேடுகிறார்கள், எத்தனை மணி நேரம், எந்தத் தொழில், என்ன கூலி என்று விரிவாகக் கேட்க அதில் இடம் உண்டு. வேலை பற்றிய கேள்விகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. அதனால்தான் மாற்றுத்திறனாளிகளைப் பற்றியும் அங்கேயே கேட்க வேண்டும் என்கிறோம்.

'வேலையில் இருப்பவர்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

2013 அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய 19-ஆவது சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வகுத்த வரையறையைத்தான் இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது கூலிக்காகவோ லாபத்துக்காகவோ உழைத்தவர் வேலையில் இருப்பவர். நோயாலோ விடுப்பாலோ அந்த வாரம் வராமல் இருந்து, திரும்பப் போக வேலை இருப்பவரும் இதில் சேர்த்தி. குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவுகிறவரும் சேர்த்தி. தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிடுவதும், சமைப்பதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் உழைப்புதான். ஆனால் அவை தனித் தலைப்பில் போகும், 'வேலைவாய்ப்பு' என்ற கணக்கில் வராது.

வேலையில்லாதவர் என்று கணக்கில் வர மூன்று நிபந்தனைகள் உண்டு. வேலை இருக்கக் கூடாது. கடந்த நான்கு வாரங்களுக்குள் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேராத மற்ற எல்லோரும் 'தொழிலாளர் படைக்கு வெளியே' என்ற மூன்றாவது கட்டத்துக்குப் போய்விடுவார்கள். இந்த மூன்றாவது கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் போய் விழும் இடம் அதுதான்.

மாற்றுத்திறனாளி யார் என்பதை ஆய்வு எப்படித் தீர்மானிக்கிறது? சான்றிதழைக் கேட்பார்களா?

கேட்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ் வாங்கியவர்கள், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள், அலுவலகத்துக்கு அலைய முடிந்தவர்கள் மட்டுமே அப்படிக் கேட்டால் கிடைப்பார்கள்.

ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு இதற்கென ஆறு கேள்விகளை உருவாக்கியது. கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் இருக்கிறதா? காதுக்கருவி வைத்திருந்தாலும் கேட்பதில் சிரமம் இருக்கிறதா? நடப்பதில், படியேறுவதில்? நினைவில் வைத்துக்கொள்வதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போல் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதில்? வழக்கமாகப் பேசும் மொழியில் மற்றவர்களுக்குப் புரியவைப்பதில், மற்றவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்வதில்?

ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஆறில் ஏதாவது ஒன்றில் 'மிகுந்த சிரமம்' அல்லது அதற்கு மேல் சொன்னவரை மாற்றுத்திறனாளிகள் பிரிவில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. நோயின் பெயரோ குறைபாட்டின் பெயரோ எங்கேயும் வராது. உலக சுகாதார அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட செயல்பாட்டு வகைப்பாடுதான் இதற்கு அடிப்படை. உடலில் என்ன இருக்கிறது என்பதோடு, அன்றாடத்தில் அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதையும் பார்க்கும் வகைப்பாடு அது.

"உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறார்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டால் என்ன?

இந்தக் கேள்வியை வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'இல்லை' என்று உடனே பதில் வரும். வெட்கம் ஒரு காரணம். வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இருந்தால் மறைப்பது இன்னொரு காரணம். இவை இரண்டையும்விடப் பெரிய காரணம், பலர் தங்களை அப்படி நினைத்துக்கொள்வதே இல்லை என்பதுதான். ஒரு பயிற்சியின்போது எங்களோடு பேசிய முதியவர் ஒருவருக்கு இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நேர்க்கேள்விக்கு, "அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா, வயசாச்சு, அவ்வளவுதான்" என்றார். நடப்பதில் சிரமமா என்று கேட்டதும், "ரொம்ப சிரமம்" என்று தானாகவே சொன்னார். ஒரே ஆள், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு பதில்.

எண்களிலும் இது தெரியும். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இவர் உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றவரா என்று கேட்டுவிட்டு எட்டு வகைகளில் ஒன்றைக் குறித்துக்கொண்டது. 2.68 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.21 சதவீதம் கிடைத்தார்கள். இலங்கையின் 2012 கணக்கெடுப்பு செயல்பாட்டுச் சிரமங்களைக் கேட்டது. 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம் பேர் கிடைத்தார்கள். உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையோ உலக மக்களில் 16 சதவீதம், ஏறக்குறைய 130 கோடிப் பேர் என்கிறது. இந்த மூன்றும் அளவுகோலில் வெவ்வேறு. இலங்கைக் கணக்கில் 'ஓரளவு சிரமம்' என்றவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் இவ்வளவு பேர், இன்னொரு நாட்டில் அவ்வளவு பேர் என்று சொல்லும் முன், எந்தக் கேள்வி கேட்டு அந்த எண் வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

"உங்கள் உடல்நிலை நீங்கள் வேலை செய்வதற்குத் தடையாக இருக்கிறதா?" என்று கேட்டால் இன்னும் நேரடியாக இருக்காதா?

கேட்க நன்றாக இருக்கும், அளக்க உதவாது. சக்கர நாற்காலியில் இருக்கும் இரண்டு கணக்காளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய அலுவலகத்தில் சாய்தளமும் லிஃப்டும் உண்டு. அவர் தடை இல்லை என்பார், பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். இன்னொருவருக்கு இரண்டும் இல்லாததால் வேலை போயிற்று. அவர் தடை உண்டு என்பார், பட்டியலில் நிற்பார். வேலை கிடைத்தவரை வரையறையே வெளியே தள்ளிவிட்டு, கிடைக்காதவரை மட்டும் எண்ணினால் விகிதம் தாழ்வாகத்தான் வரும். சாய்தளம் கட்டியதன் பலனும் அந்த எண்ணில் தெரியாது. மாற்றுத்திறன் ஒரு கேள்வியாகவும் வேலை தனிக் கேள்வியாகவும் இருந்தால்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பை அளக்க முடியும்.

ஆறு கேள்விகளைத் தமிழில் கேட்பதில் என்ன சிக்கல்?

எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தால் சிக்கல் குறைவு. ஆனால் யாரும் அப்படியே வாசிப்பதில்லை.

முதலில் 'கஷ்டம்' என்ற சொல். 'சிரமம்' என்று படிவத்தில் இருப்பதைப் பேச்சுத் தமிழாக்கி, "ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?" என்று கேட்டுவிடுவார்கள். நம் மொழியில் கஷ்டம் என்றால் பணக் கஷ்டமும் வரும், மனக் கஷ்டமும் வரும். மகன் பணம் அனுப்பாத கதை தொடங்கிவிடும். 'பார்க்க', 'நடக்க', 'காது கேட்க' என்ற வினைச்சொல்லை விடாமல் சேர்த்துச் சொன்னால்தான் பதில் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

அடுத்தது, நான்கு பதில்களையும் வாசிப்பது. கணக்கெடுப்பாளருக்கு நேரம் இல்லை, ஒரு நாளில் முடிக்க வேண்டிய வீடுகள் அதிகம். "பார்வை நல்லா இருக்கில்ல?" என்று தலையாட்டிக்கொண்டே கேட்டால் எதிரிலிருப்பவரும் தலையாட்டுவார். படிவத்தில் 'சிரமம் இல்லை' விழும். நான்கு படிகளையும் ஒவ்வொரு கேள்விக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் வகுப்பில் அலுக்கும்வரை சொல்வேன். பேச்சில் 'ரொம்ப' என்பதை நாம் எல்லாவற்றுக்கும் போடுகிறோம். அதனால் 'ஓரளவு', 'மிகுந்த' என்ற இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை, எல்லாப் படிகளையும் ஒன்றாகக் கேட்டால் மட்டுமே அவர் உணர்வார்.

மூன்றாவது, முன்னுரை. "இப்போ மாற்றுத்திறனாளிகள் பற்றிச் சில கேள்விகள்" என்று தொடங்கினாலே பாதி வீடுகளில் "எங்க வீட்ல யாரும் இல்லைங்க" என்று முடிந்துவிடும். அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல் கேட்பதற்காகத்தானே இந்த ஆறு கேள்விகளையே உருவாக்கினார்கள்.

ஆளைப் பார்த்தே பதிலை நிரப்புவதும் நடக்கும். எதிரில் இளைஞர், நன்றாக நடந்து வந்தார், கதவைத் திறந்தார். இவரிடம் எதற்கு நினைவாற்றலைப் பற்றிக் கேட்பது என்று கணக்கெடுப்பாளர் தானே 'இல்லை' என்று ஆறையும் குறித்துவிடுவார். வெளியே தெரியாத சிரமங்கள் அத்தனையும் அந்த இடத்தில்தான் காணாமல் போகின்றன.

மாற்றுத்திறனாளிகளின் வேலையின்மை விகிதம் குறைவாக இருந்தால் நல்ல செய்திதானே?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வேலையின்மை விகிதத்தின் கீழ்ப்பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், எல்லா மக்களும் இல்லை. வேலையில் இருப்பவரும் தேடுகிறவரும் மட்டுமே இருக்கிறார்கள். 100 மாற்றுத்திறனாளிகள் உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்யுங்கள். 20 பேர் வேலையில் இருக்கிறார்கள், 2 பேர் தேடுகிறார்கள், 78 பேர் தேடுவதில்லை. வேலையின்மை 22-இல் 2, அதாவது 9.1 சதவீதம். தேடிய இருவரில் ஒருவர் நம்பிக்கை இழந்து தேடுவதை நிறுத்திவிடுகிறார். இப்போது 21-இல் 1, அதாவது 4.8 சதவீதம். ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஒருவர் மனம் உடைந்ததில் வேலையின்மை பாதியாகிவிட்டது.

உண்மையான எண்களிலும் இதைப் பார்க்கலாம். இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு, 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த 76-ஆவது சுற்றில் மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையின்மை 4.2 சதவீதம். அதற்குச் சற்று முன் முடிந்த 2017–18 தொழிலாளர் ஆய்வில் அதே வயதினர் அனைவருக்கும் 6.0 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருப்பதுபோல் தோன்றும். வேலையில் இருப்போரின் பங்கைப் பாருங்கள்: மாற்றுத்திறனாளிகளில் 22.8 சதவீதம், அனைவரிலும் 46.8 சதவீதம். பாதிக்கும் குறைவு. இரண்டும் தனித்தனி ஆய்வுகள், வயது அமைப்பும் ஒன்றல்ல. ஆனாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை அதை மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. மாற்றுத்திறனாளிகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் தேடவே இல்லை, அதனால் வேலையின்மைக் கணக்கில் அவர்கள் வரவே இல்லை.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 8.5.2 என்ற குறியீடு, வேலையின்மை விகிதத்தைப் பாலினம், வயது, மாற்றுத்திறன் வாரியாகக் கேட்கிறது. கேட்பது நல்லது. ஆனால் அந்த ஒரே எண்ணை வைத்து ஒரு நாட்டுக்கு மதிப்பெண் போட்டால், கதவுகளை எல்லாம் அடைத்துத் தேடும் ஆசையையே கொன்றுவிட்ட நாடுதான் முதலிடம் பிடிக்கும்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

முதலில் வேலைவாய்ப்பு விகிதம். அந்த வயதில் உள்ள மாற்றுத்திறனாளிகள் எல்லோரையும் கீழே வைத்து, வேலையில் இருப்பவர்களை மேலே வைத்துப் பார்ப்பது. அடுத்து, மற்றவர்களின் விகிதத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி.

இடைவெளியைப் பார்க்கும்போது வயதைக் கவனியுங்கள். முதுமையில் சிரமங்கள் கூடும், வேலை குறையும். அமெரிக்காவில் 2023-இல் 16 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் 22.5 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள், மற்றவர்களில் 65.8 சதவீதம். 65 வயதைத் தாண்டியவர்களை விட்டுவிட்டு 16 முதல் 64 வரை மட்டும் பார்த்தால் மாற்றுத்திறனாளிகளின் விகிதம் 37.1 சதவீதமாக ஏறிவிடுகிறது. அதே ஆண்டு, அதே ஆய்வு. எந்த வயது என்று சொல்லாமல் இந்த விகிதத்தை மேற்கோள் காட்டுவது பாதித் தகவல்தான்.

மூன்றாவது கட்டத்தில் இருப்பவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை செய்ய விருப்பம், கிடைத்தால் சேரவும் தயார், ஆனால் தேடவில்லை. இப்படிப்பட்டவர்களை 2013 மாநாட்டின் தீர்மானம் 'சாத்தியமான தொழிலாளர் படை' என்று தனியாக எண்ணச் சொல்கிறது. வேலையில்லாதவர், போதிய மணி நேரம் கிடைக்காதவர், இவர்கள் என்று மூவரையும் சேர்த்தால் வரும் விகிதம், மாற்றுத்திறனாளிகளின் நிலைமைக்கு எவ்வளவோ நெருக்கமானது.

வேலை இருக்கிறது என்பதோடு நிறுத்தவும் கூடாது. ஒரு மணி நேர விதியால், வாரத்தில் அரை நாள் கவர் ஒட்டுகிறவரும் முழுநேர அதிகாரியும் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். மணி நேரம், கூலி, ஒப்பந்தம் உண்டா, சொந்தத் தொழிலா, எந்தத் தொழில் என்று பிரித்தால்தான் அவர்கள் வேறு வேறு ஆட்கள் என்று தெரியும்.

குடும்பத் தலைவரே எல்லோருக்கும் பதில் சொல்லலாமா?

பல ஆய்வுகளில் விதி அதை அனுமதிக்கிறது. செலவும் நேரமும் குறையும். மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இழப்பு பெரியது.

ஒரு வீட்டுக்குப் புதிய கணக்கெடுப்பாளர் ஒருவரோடு போயிருந்தேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னார். தங்கைக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. "அவ என்ன வேலை செய்வா, சும்மாதான் இருக்கா" என்றார். உள்ளே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் நாங்கள் வந்ததிலிருந்து நிற்கவே இல்லை. கணக்கெடுப்பாளர் 'வேலை இல்லை, தேடவில்லை' என்று குறிக்கப்போனார். நான் தடுத்து, தங்கையிடம் கேட்கலாமா என்றேன். தங்கை, தான் கைப்பட எழுதி வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். யாருக்கு எத்தனை ரவிக்கை, எவ்வளவு வாங்கியது, யார் பாக்கி என்று பக்கம் பக்கமாக இருந்தது. வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்குக் குறையாத உழைப்பு. அண்ணன் பொய் சொல்லவில்லை. தங்கை செய்வதை அவர் ஒரு வேலையாக எண்ணிப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். ஆனால் அவருடைய பதிலோடு திரும்பியிருந்தால், சொந்தத் தொழில் செய்யும் ஒரு பெண் அட்டவணையில் சும்மா இருப்பவராக ஆகியிருப்பார்.

மறுபக்கமும் உண்டு. மனச்சோர்வு, கவனக்குறைவு, நாள்பட்ட வலி போன்றவை வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமலே இருக்கும். அவர்களுக்காக இன்னொருவர் பதில் சொன்னால் மாற்றுத்திறனாளி என்ற கணக்கிலேயே வரமாட்டார்கள்.

நேரில் அவரையே கேட்க வேண்டும். சைகை மொழி தெரிந்தவர் தேவைப்பட்டால் அழைத்துவரவும், எழுதிக் காட்டவும், இன்னொரு நாள் வரவும் திட்டத்திலேயே நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். எந்த வழியும் இல்லாதபோது மட்டும் வேறொருவர் பேசலாம். யார் பதில் சொன்னது என்பதைப் படிவத்தில் தவறாமல் குறிக்க வேண்டும். குறித்தால்தான் பின்னால் அந்தப் பதில்களைத் தனியாகப் பிரித்துச் சோதிக்க முடியும்.

ஆய்வின் மாதிரி அளவு போதுமா?

நாடு முழுவதற்கும் ஓர் எண் சொல்ல, பெரும்பாலும் போதும். உள்ளே இறங்க இறங்கப் போதாது.

ஒரு கணக்கு போடுவோம். 10,000 பேரிடம் கேட்டோம், அவர்களில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் என்றால் 400 பேர். அவர்களில் 30 சதவீதம் வேலையில் இருக்கிறார்கள். பிழை வரம்பு ஏறக்குறைய 4.5 புள்ளி. அதாவது உண்மை விகிதம் 25.5-க்கும் 34.5-க்கும் இடையே எங்கேயோ இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளைக் கொத்தாக எடுப்பதால் அந்த வரம்பு எளிதில் ஆறு புள்ளியைத் தாண்டும். அடுத்த ஆண்டு 33 சதவீதம் வந்தால், முன்னேற்றம் என்று அறிக்கை விட முடியாது. பார்வைச் சிரமம் உள்ள பெண்கள் மட்டும் என்று பிரித்து 40 பேர் கிடைத்தால் வரம்பு 14 புள்ளிக்கும் மேல். அந்த எண்ணை வெளியிடாமல் இருப்பதே நல்லது.

இதற்கு வழிகள் உண்டு. நான்கு காலாண்டுகளையோ இரண்டு மூன்று ஆண்டுகளையோ சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் சுழற்சி முறையில் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும் ஆய்வில், ஒரே ஆளை நான்கு முறை எண்ணிவிட்டு நான்கு பேர் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் பெரிய அளவில் ஆறு கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு, சிரமம் சொன்னவர்களை அதிக விகிதத்தில் தேர்ந்தெடுத்து விரிவாகக் கேட்பது இன்னொரு வழி. செலவு கூடும், பலனும் கூடும்.

சிரமம் எந்த வயதில் வந்தது என்றும் கேட்க வேண்டுமா?

கேட்டால் நல்லது. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குப் பள்ளியே முதல் தடை. நாற்பது வயதில் இயந்திரத்தில் கை போனவருக்குப் பழைய வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்பதே கேள்வி. ஆறு கேள்விகள் இந்த இரண்டு பேரையும் ஒன்றாகவே காட்டும். வேலை இல்லாததால் உடல்நிலை கெட்டதா, உடல்நிலையால் வேலை போனதா என்பதற்கும் ஆண்டுக் கணக்கு இல்லாமல் விடை கிடையாது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து தொழிலாளர் ஆய்வுகளுக்கென்று ஒரு கூடுதல் கேள்வித் தொகுதியை வடிவமைத்திருக்கின்றன. வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எது, பணியிடத்தில் என்ன வசதி செய்து தந்தார்கள், சுற்றி இருப்பவர்களின் மனப்பான்மை எப்படி, சமூகப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்றெல்லாம் அது கேட்கும். இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்த்தால் போதும். ஆறு கேள்விகளை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆண்டு, நாட்டுக்கு நாடு ஒப்பிடலாமா?

கேள்வியும் பதில் படிகளும் வரிசையும் மாறாமல் இருந்தால் ஒப்பிடலாம். அமெரிக்கா 2008 ஜூன் முதல் தன் மாதாந்திர ஆய்வில் ஆறு கேள்விகள் கேட்கிறது. ஆனால் அவை ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களைக் கொண்டவை, கேள்விகளும் வேறு. அந்த விகிதத்தை நான்கு படிகள் உள்ள நாட்டின் விகிதத்தோடு நேராக வைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலும் 2011-இலும் மாற்றுத்திறனாளிகளின் வேலை பற்றிச் சிறப்புத் தொகுதி நடத்தியது. இரண்டிலும் வரையறை வேறு.

கேள்வி மாறாவிட்டாலும் ஓர் ஆபத்து உண்டு. பிரிட்டன் அரசு 2017-இல், பத்து ஆண்டுகளில் வேலையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கையை 10 லட்சம் கூட்டுவது என்று இலக்கு வைத்தது. ஐந்தே ஆண்டில் எட்டியது. அதில் கணிசமான பகுதி, தங்களுக்கு நீண்டகால உடல், மன நலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்வோர் எண்ணிக்கை கூடியதால் வந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர் இந்த ஆண்டு 'ஆம்' என்று சொன்னால், வேலையில் உள்ள மாற்றுத்திறனாளிகளில் ஒருவர் கூடிவிடுவார். யாரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கத் தேவையில்லை. தலைகளை எண்ணும் இலக்கு எனக்கு அதனால்தான் பிடிப்பதில்லை. விகிதத்தையும் இடைவெளியையும் இலக்காக வைப்பது மேல், அப்போதும் மொத்த எண்ணிக்கை எப்படி மாறியது என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆய்வில் யார் விடுபட்டுப் போகிறார்கள்?

வீடுகளுக்குத்தானே போகிறோம். காப்பகம், மனநல மருத்துவமனை, விடுதி ஆகியவற்றில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மாதிரியிலேயே இல்லை. வீடில்லாதவர்களும் அப்படியே. மனநலச் சிரமங்கள் உள்ளவர்களில் பலர் ஆறு கேள்விகளிலும் சிக்கமாட்டார்கள். இதற்காகப் பதற்றம், மனச்சோர்வு, கைகளின் இயக்கம் பற்றிய கேள்விகளைச் சேர்த்துப் பன்னிரண்டாக விரித்த வடிவம் ஒன்றும் இருக்கிறது. இடம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இடஒதுக்கீட்டுப் பதிவேடுகள் இருக்கும்போது ஆய்வு எதற்கு?

ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 5 சதவீத இடத்தை மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும், பிரான்சில் 6 சதவீதம். இந்தியாவில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. பதிவேடுகள் அந்தந்த இடங்கள் நிரம்பினவா என்று சொல்லும். சிறு கடையில், வீட்டில், வயலில், தெருவோரத்தில் உழைக்கிறவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேலையே இல்லாதவர் அதில் வர வழியே இல்லை. இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது.

கணக்கெடுப்பாளர் என் வீட்டுக்கு வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் அவரையே கேட்கச் சொல்லுங்கள். அவர் வெளியே போயிருந்தால், எப்போது வந்தால் பார்க்கலாம் என்று நேரம் கொடுங்கள். நான்கு பதில்களையும் வாசிக்கச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். "பரவாயில்லை", "சமாளிச்சுக்கிறேன்" என்று சொல்ல வேண்டாம். சமாளிப்பது உங்கள் திறமை, அவர்கள் கேட்பது சிரமம் எவ்வளவு என்று. கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ விற்பனைக்கோ ஏதாவது செய்திருந்தால், அது வீட்டுக்குள்ளேயே நடந்திருந்தாலும், அதைச் சொல்லுங்கள். வேலை தேடவில்லை என்றால் ஏன் தேடவில்லை என்பதையும் சொல்லுங்கள். தேடிச் சலித்து விட்டுவிட்டேன் என்பதற்குப் படிவத்தில் பெரும்பாலும் தனிக் குறியீடு இருக்கும். கணக்கெடுப்பாளர் அதைத் தாண்டிப் போகப் பார்த்தால், குறிக்கச் சொல்லிக் கேளுங்கள்.